கடை திறக்கட்டும்

என் கணவருக்கு ஐம்பத்து நாலு வயதில் கிளாரினெட் ஊதும் ஆசை வந்தது. அந்த வயதில் மற்ற வீட்டு ஆண்களுக்குச் சர்க்கரை வரும். எங்கள் வீட்டில் இரண்டும் சேர்ந்தே வந்தது. சர்க்கரையை நான் சமாளித்துவிட்டேன்.

ஒன்றிலிருந்துதான் மற்றது வந்தது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னதால், நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் வரை சாயங்காலம் நடக்க ஆரம்பித்தார். வழியில் ஒருவர் கூட்டுச் சேர்ந்தார். போலீஸ் பேண்டில் கிளாரினெட் வாசித்து ஓய்வு பெற்றவர், இவரைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நடை முடிந்து அவர் வீட்டு மாடியில் உட்கார்ந்து பேசுவார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இவர் கீழுதடு தடித்துப்போய் வந்து நின்றார். குளவி கொட்டிவிட்டதா என்று கேட்டேன். சிரித்தார். உதட்டைப் பல்லுக்கு மேல் மடித்துக்கொண்டு அதன் மேல்தான் வாத்தியத்தின் வாயை வைக்க வேண்டுமாம். புதிதாக ஊதுகிற எல்லோருக்கும் இப்படித்தான் வீங்குமாம்.

"ஆனா இன்னைக்கு ஒரு சத்தம் பிசிறில்லாம வந்துச்சு தெரியுமா" என்றார்.

நான் கேட்ட முதல் கேள்வி, அவர் வாய் வைத்ததிலேயா நீங்களும் வைத்தீர்கள் என்பது. தம்ளரை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். எச்சில் என்றால் எனக்கு எச்சில்தான், போலீஸ்காரர் எச்சிலாக இருந்தாலும். கழுவித் துடைத்துத்தான் ஊதினேன் என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பதில் சொன்னார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எச்சில் எனக்கு இரண்டாவது காரணம்தான். மதுரையில் கிளாரினெட் சத்தத்தை நான் கேட்டதெல்லாம் பேண்ட் செட்டில்தான். சிவப்புக் கோட்டும் ஜரிகைத் தொப்பியுமாகக் கல்யாண ஊர்வலத்துக்கு முன்னால் நடப்பார்கள். அதே கோட்டோடு மறுநாள் பிண ஊர்வலத்துக்கு முன்னாலும் நடப்பார்கள். என் கணவர் தல்லாகுளத்தில் நீதிமன்ற அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். நான் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். சென்னையில் வேலை பார்க்கும் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் வந்து படியேறும் நேரத்தில் பெண்ணின் அப்பா உள்ளே உட்கார்ந்து பீப்பீ என்று ஊதிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? எதிர் வீட்டு அம்மா என்ன கேட்பாள் என்று எனக்கு வார்த்தைக்கு வார்த்தை தெரியும். "என்ன டீச்சர், சார் பேண்ட் செட்டுல சேந்துட்டாரா?" அவள் கேட்காத அந்தக் கேள்விக்கு நான் பல நாள் மனசுக்குள் கூசியிருக்கிறேன்.

இப்படி இருக்கும்போதுதான் சிம்மக்கல்லில் ஒரு கிளாரினெட் விலைக்கு வந்தது. ஏதோ ஒரு பேண்ட் செட் கலைந்து, அதை நடத்தியவர் தன் வாத்தியங்களை விற்றுக்கொண்டிருந்தார். போலீஸ் பேண்ட்காரர் போய் ஊதிப் பார்த்துவிட்டு, நல்ல மரம், நல்ல நாதம், விட்டால் கிடைக்காது என்று சொல்லிவிட்டார். நான் கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். இவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலே தானும் நாலு இணுக்கை எடுத்து உருவினார். அப்போதே ஏதோ கேட்கப் போகிறார் என்று தெரிந்துவிட்டது. முப்பது வருஷத்தில் அவர் கீரை உருவிய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

எனக்குப் பிடிக்கவில்லை, வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாய்ச் சண்டைக்கு நான் என்றைக்கும் பின்வாங்கியதில்லை. ஆனால் அன்று வேறு வழி ஒன்று கண்ணில் பட்டது. காளவாசல் பக்கம் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று பச்சைத் துணி போர்த்திக்கொண்டு எழும்பிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் வயலினும் கீபோர்டும் போட்ட பெரிய ஃபிளெக்ஸ். இசைக்கருவிகளுக்கு என்றே இத்தனை பெரிய கடை மதுரையில் இதுதான் முதல், விரைவில் திறப்பு விழா என்று எழுதியிருந்தது.

"பழசு எதுக்குங்க? எவன் வாய் வச்சதோ, எந்த எழவு வீட்டுல ஊதுனதோ. அந்தப் பெரிய கடை தெறக்கட்டும். நானே கூட வந்து புதுசா வாங்கித் தாரேன்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கீரையை அலசப் போய்விட்டேன். எனக்கு ஒரு கணக்கு இருந்தது. அவருடைய ஆசை எதுவும் ஆறு மாதம் தாண்டியதில்லை. மாடித் தோட்டம், செஸ், இந்தி, எல்லாம் வந்து போயிருக்கின்றன. அந்தக் கட்டடம் எழும்பி முடிய எப்படியும் ஒரு வருஷமாகும். அதற்குள் இதுவும் போய்விடும்.

போகவில்லை. தினமும் ஆபீஸுக்கு வண்டியில் அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். வாட்ச்மேனைச் சிநேகிதம் பிடித்துக்கொண்டார். சாப்பிட உட்கார்ந்தால் செய்தி வாசிப்பு மாதிரி கட்டடத்தின் செய்தி வரும். இன்று கண்ணாடி மாட்டினார்கள், லிஃப்ட் வந்து இறங்கியிருக்கிறது, மூன்றாவது மாடியில் ஊதிப் பார்க்கவென்றே தனி அறையாம், வெளியே சத்தம் போகாமல் சுவரில் பஞ்சு வைத்து அடைக்கிறார்களாம். நான் அப்படியா, அப்படியா என்று ரசம் ஊற்றுவேன். டிவி பார்க்கும்போது சப்பாத்திக் கட்டையை எடுத்து வைத்துக்கொண்டு அதன் மேல் விரல் மாற்றிப் பழகுவார். போனில் மகளிடம் இதைச் சொல்லி, சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிட்டது என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பாவம்மா அப்பா, வாங்கிக் கொடுத்துவிடேன் என்றாள். உனக்கு வரன் அமைகிற வரை வாயை மூடு என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

சித்திரையில் திறப்பு என்றார்கள். திருவிழா நெரிசலில் வேண்டாமென்று தள்ளிப்போனது. அப்புறம் ஏதோ அனுமதி வரவில்லை. அதற்குள் ஆடி பிறந்துவிட்டது, ஆடியில் யார் கடை திறப்பார்கள்? தள்ளிப்போன செய்தியை அவர் வாடிய முகத்தோடு வந்து சொன்ன அன்று நான் கேசரி கிண்டினேன். என்ன விசேஷம் என்று கேட்டார். சும்மாதான் என்றேன். சர்க்கரைக்காரர் என்பதால் அவருக்கு இரண்டு ஸ்பூன்தான் வைத்தேன். இதை எழுதும்போது என் கையை நானே கிள்ளிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆவணியில் ஒரு காலை, நான் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். இவர் அடுக்களை வாசலில் நின்று, போலீஸ் பேண்ட்காரர் பிள்ளையார் சதுர்த்தி முடிந்ததும் மகன் வீட்டோடு கோயம்புத்தூர் போகிறார், இனி வரமாட்டார், அதனால் இன்னும் விலை போகாமல் இருக்கும் அந்தச் சிம்மக்கல் கிளாரினெட்டையே இப்போதைக்கு வாங்கினால் இருக்கிற ஒரு மாதத்திலாவது கற்றுக்கொள்ளலாம் என்று சொன்னார். மிக்ஸி சத்தத்திலும் எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. நான் திரும்பவில்லை. சட்னி அரைபட்ட பிறகும் மிக்ஸியை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குளிக்கப் போய்விட்டார். இரண்டாவது முறை சொல்கிற மனுஷர் இல்லை அவர். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

ஊருக்குப் போகும் முன் பேண்ட்காரர் எங்கள் வீட்டுக்கு வந்து விடைபெற்றார். காப்பி கொடுத்தேன். இவர் உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். பேண்ட்காரர் என்னிடம் பேச்சுக் கொடுத்தார்.

"அந்த கிளாரினெட்ட திருச்சிக்காரன் ஒருத்தன் தூக்கிட்டுப் போயிட்டான், தங்கச்சி. நானும் அம்புட்டு சொன்னேன், சார் அசையலையே. எம் பொஞ்சாதி ஆசையா புதுசு வாங்கித் தாரேன்னுருக்கா, அதுக்கு முன்னாடி நான் பழச வாங்கிட்டு நின்னா அவ மனசு என்ன பாடு படும்ங்குறாரு. குடுத்து வச்ச மனுசன்."

டபராவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் பேச்சை அவர் நம்பினார் என்பது எனக்குத் தெரியும். அதை ஆசை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது தெரியாது. அன்று சட்னி அரைத்தபோது நான் காட்டிய முதுகுக்குக் கூட அவர் ஒரு நல்ல காரணம் கண்டுபிடித்திருப்பார். கடை திறந்ததும் வாங்கிக்கொண்டு போன் போடுங்கள், வீடியோவில் சொல்லித் தருகிறேன் என்று, சட்டை மாற்றிக்கொண்டு வந்த இவரிடம் சொல்லிவிட்டு பேண்ட்காரர் கிளம்பினார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கடை எப்போது திறக்கும் என்று இப்போது நான் கேட்க ஆரம்பித்தேன். பஸ்ஸில் போகும்போது எட்டி எட்டிப் பார்த்தேன். பச்சைத் துணியை அவிழ்த்த அன்று அவருக்கு முன்னால் நான்தான் வந்து சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். பார்த்தியா, உனக்கும் ஆசை வந்துவிட்டது என்றார்.

தீபாவளி கழித்துக் கார்த்திகையில் திறந்தார்கள். முதல் நாள் கூட்டம் தாங்காதென்று ஞாயிற்றுக்கிழமை போனோம். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி வந்தார். கீழே கீபோர்டுகள், நடு மாடியில் பிள்ளைகள் ஆளுக்கொரு டிரம்மைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் எதையும் நின்று பார்க்கவில்லை. நேராக மூன்றாவது மாடிக்குப் போனார். கண்ணாடி அறையில் ஒரு விற்பனைப் பெண், பெட்டியைத் திறந்து, துண்டு துண்டாக இருந்த கிளாரினெட்டைப் பூட்டிக் கொடுத்தாள். உதட்டை மடித்து ஊதினார். முதலில் கீச்சென்றது. இரண்டாவது தடவை ஒரே சத்தம், நீளமாக, பிசிறில்லாமல் வந்தது. அது கல்யாண வீடும் இல்லை, சாவு வீடும் இல்லை. அவருடைய மூச்சு, அவ்வளவுதான். இவ்வளவு நல்ல மூச்சு இவருக்குள் இருந்ததா என்று நினைத்தேன்.

"மேடம்தாம்மா வாங்கித் தாராங்க. ஒரு வருசமா கடை தெறக்கட்டும், கடை தெறக்கட்டும்னு எனக்கு மேல துடிச்சாங்க" என்றார் அந்தப் பெண்ணிடம்.

சூப்பர் மேடம் என்று சொல்லிவிட்டு அவள் புதுப் பெட்டி எடுக்கப் போனாள். என்னால் தாங்க முடியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது, வாங்கவே கூடாதென்றுதான் கடையைச் சாக்குச் சொன்னேன், பேண்ட்காரர் போகிறார் என்று நீங்கள் சொன்னதும் எனக்குக் கேட்டது என்றேன். சொல்லச் சொல்ல எனக்குப் பாரம் இறங்கியது. அது இறங்கி எங்கே போகிறது என்று நான் யோசிக்கவில்லை.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். கைக்குட்டையை எடுத்து கிளாரினெட்டின் வாயை மெதுவாகத் துடைத்தார்.

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சண்டை போட்டாவது அன்னைக்கே வாங்கியிருப்பேன்" என்றார். "நீ ஆசைப்பட்டேன்னு நெனச்சுல்ல காத்துக்கிட்டு இருந்தேன்."

அந்தப் பெண் பெட்டியோடு வந்து, பில் போட்டுவிடலாமா சார் என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். போடும்மா என்று நான் சொன்னால் போதும். இத்தனை வருஷம் வகுப்பில் கத்தி வளர்த்த தொண்டை. வார்த்தை நாக்கு வரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, கையில் நீளப் பெட்டியோடு நாங்கள் தெருவில் இறங்குவதும், எதிர் வீட்டு அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதும் கண் முன்னால் வந்தது. அவ்வளவுக்குப் பிறகும் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு அது புரிந்துவிட்டது என்று அவர் கண்ணைத் தாழ்த்தியதில் தெரிந்தது.

அந்தச் சின்னப் பெண் முன்னால் கூட என்னை விட்டுக்கொடுக்கவில்லை. "இன்னொரு நாள் வாரோம்மா. டீச்சருக்கு உடம்புக்கு முடியல" என்றார்.

இப்போது மாசி நடக்கிறது. வண்டியில் அவர் பின்னால் உட்கார்ந்து அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம், நிறுத்துங்கள் என்று சொல்ல வாயெடுக்கிறேன். இன்னும் சொல்லவில்லை.