பத்தொன்பதாவது கைவீச்சு

எழுபது வயதுக்கு மேல் ஒருவனுக்குப் பொறாமை வருமா என்று கேட்டால், வரும். எனக்கு நாகர்கோவிலில், ஒரு நீச்சல் குளத்தில் வந்தது.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். கல்லூரியிலேயே நீச்சலில் பதக்கம் வாங்கியவன். முதியோர் தொடர்நீச்சல் போட்டிக்கு எங்கள் குளத்திலிருந்து நால்வர் போக வேண்டும். மூன்று இடங்கள் முடிவாகிவிட்டன. மிச்சமிருந்த ஓரிடத்துக்கு இருவர்: நானும், குளச்சல் பக்கம் நாற்பது வருடம் மீன்பிடித்த ஒருவரும். அவர் தலையைத் தூக்கிக்கொண்டுதான் நீந்துவார். கடலில் அலையைப் பார்த்து நீந்திய பழக்கம். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து நீந்தச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

பயிற்சி இதுதான். மெதுவாக நீந்திக்கொண்டிருக்க வேண்டும். விசில் கேட்டால் பன்னிரண்டு கைவீச்சு முழு வேகம், மறு விசிலில் பழையபடி மெதுவாக. ஒருவர் நீந்தும்போது மற்றவர் கரையில் நடந்து எண்ணி ஊதுவார். விசில் கேட்டபின் எனக்கு வேகம் பிடிக்க நாலைந்து வீச்சாகும். அவருக்கு அடுத்த வீச்சிலேயே வந்துவிடும்.

“சாரே, உங்க வண்டி ஒத்த கியரு வண்டியாக்கும்,” என்று கரையிலிருந்து சிரித்தார். பயிற்சி தரும் பெண்ணும் சிரித்துவிட்டாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவர் நீந்தினார், நான் ஊதினேன். பன்னிரண்டு வந்தது. விசில் உதட்டில்தான் இருந்தது, ஊதவில்லை. பதினைந்து, பதினாறு. முகம் தண்ணீருக்குள் இருந்ததால் அவருக்கு நான் தெரியவில்லை. பத்தொன்பதில் ஊதினேன். ஒவ்வொரு சுற்றிலும் அப்படியே செய்தேன். ஆறாவது சுற்றில் தோளைப் பிடித்துக்கொண்டு ஓரத்துக் கம்பியில் தொங்கினார்.

“வயசாச்சுல்லா சாரே,” என்றார்.

இடம் எனக்குக் கிடைத்தது. அவரோ தோளில் கட்டுடன் தினமும் பஸ் ஏறி வந்தார், எனக்கு எண்ணி ஊதுவதற்காக. பன்னிரண்டு என்றால் பன்னிரண்டுதான். எனக்கு மூச்சு இரைத்தால், “மெள்ள வாங்க, ஒண்ணும் ஓடிப் போகாது,” என்பார்.

ஒரு வாரம் தாங்கினேன். எட்டாம் நாள் பாதிக் குளத்தில் நின்று, கரையேறி, எல்லாவற்றையும் சொன்னேன்.

“தெரியும் சாரே. நானும் எண்ணிக்கிட்டுதான் கெடந்தேன். பத்தொம்பது.”

“பின்ன ஏன் நிறுத்தல?”

“நீங்க ஊதல்லியே.”

விசிலைக் கழற்றி என் கையில் வைத்தார். “இது உங்ககிட்டயே இருக்கட்டு,” என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு போனார். அதன்பின் வரவில்லை. பயிற்சி தரும் பெண்ணிடமும் நடந்ததைச் சொல்லி, நான் போட்டியிலிருந்து விலகிக்கொண்டேன்.

அவரைப் பார்க்க இரண்டு முறை குளச்சல் பஸ்ஸில் ஏறினேன். இரண்டு முறையும் பாதி வழியில், இரணியலிலேயே இறங்கிவிட்டேன்.