நாகம் தூக்கிப் போன தம்பி

இன்று காலை வாளையாரிலிருந்து பாலக்காடு போகும் பேருந்தில் ஒரு மாயாஜால நாவலைப் படித்து முடித்தேன்.

தன் தம்பியைப் பறக்கும் நாகம் தூக்கிப் போனதாகக் கதைசொல்லி சத்தியம் செய்கிறான். ஆனால் சொல்லும்போதெல்லாம் நாகத்தின் நிறம் மாறுகிறது.

'இவன் பொய்யன். தம்பியைக் கொன்றதே இவன்தான்' என்று இங்கே பதிவிட எழுதிக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் இருந்த அக்கா புத்தகத்தையும் நான் கைபேசியில் எழுதுவதையும் பார்த்துவிட்டு, "நானும் படிச்சேனுங்க. அவன் கொல்லலீங்க" என்றார்.

"அப்புறம் எதுக்குங்க பொய் சொல்றான்?"

அக்கா சொன்னார். "எங்கூட்டுக்காரர் லாரி ஓட்டப் போன எடத்துல தவறிட்டாருங்க. ரெண்டு வருசம் யார் கேட்டாலும் 'லோடு ஏத்திட்டுப் போயிருக்காரு'ன்னுதான் சொன்னேன். ஒவ்வொருத்தருகிட்டயும் ஒவ்வொரு ஊரு. ஏமாத்தறதுக்கு இல்லீங்க. செத்துட்டாருன்னு சொல்ல வாய் வரல."

எழுதியதை அப்படியே அழித்தேன். ஒரு மனிதனை எவ்வளவு அவசரமாகக் கொலைகாரனாக்கிவிட்டேன்!

கஞ்சிக்கோட்டில் அவர் இறங்கும்போது, "ரொம்ப நன்றிங்க அக்கா" என்றேன்.

"நன்றியெல்லாம் இருக்கட்டும். அந்தக் கடைசி அத்தியாயம் உங்களுக்குப் புரிஞ்சுதுங்களா? எனக்குப் புரியவே இல்ல" என்று சிரித்தார்.

எனக்கும் புரியவில்லை. புரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள். அந்த அக்காவை மறுபடி பார்த்தால் கட்டாயம் சொல்லிவிடுகிறேன்.