ஊசி போட்டவள்

ஜெர்மனியில், இந்த ஊர் மருத்துவமனையில் ஆண்கள் வார்டுக்குக் காலை ஏழு மணிக்குப் போனால் நோயாளிகள் முதலில் கேட்பது வலிக்கு மாத்திரை இல்லை, காபியும் இல்லை. ‘ட்ஸைட்டுங்’ என்றுதான் கை நீட்டுவார்கள். செய்தித்தாள் என்று அர்த்தம். நான் இங்கே நர்ஸாக வந்த நான்கு வருஷத்தில் ஒருநாள்கூட அது மாறியதில்லை. போன நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, வழக்கம்போலப் பேப்பர்களைத் தள்ளுவண்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். ஆறு கட்டிலிலும் ஆறு பேர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்கள். ஒரு கையும் நீளவில்லை. ஜன்னலோரக் கட்டிலில் இருந்தவர் கொவால்கே. நாற்பது வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து, இப்போது இடுப்பு எலும்பு மாற்றிக்கொண்டு கிடப்பவர். நான் வைத்த பேப்பரை எடுத்து, எழுத்து தெரியாதபடி குப்புறக் கவிழ்த்து வைத்தார். “யாராவது இறந்துவிட்டார்களா?” என்று கேட்டேன். “அதைவிட மோசம், ஷ்வெஸ்டர். டோப்பிங்” என்றார். ஷ்வெஸ்டர் என்றால் சகோதரி. நர்ஸையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நம் ஊரில் சிஸ்டர் என்பதுபோல.

டோப்பிங் என்ற சொல் எனக்குத் தெரியாது. ‘டொப்பெல்ட்’ தெரியும், இரண்டு மடங்கு. முந்தின நாள் மாலை, ரத்தம் கட்டாமலிருக்க அவருக்கு ஊசி போட்டவள் நான்தான். இரண்டு மடங்கு மருந்தை ஏற்றிவிட்டதாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடி, மருந்துக் குறிப்பேட்டைப் புரட்டி, என் கையெழுத்தைத் தேடிப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. மூச்சிரைக்கத் திரும்பி வந்து, “ஒரு மடங்குதான் போட்டேன், எழுதி வைத்திருக்கிறேன்” என்று கிட்டத்தட்ட சத்தியம் செய்தேன். ஆறு பேரும் கட்டில் அதிரச் சிரித்தார்கள். இருண்டு கிடந்த அந்த அறைக்கு அன்று என்னால் ஆன சேவை அதுதான்.

டோப்பிங் என்றால் ஆட்டக்காரர்களுக்கு ஊக்க மருந்து கொடுப்பதாம். இந்த நகரத்துக் கால்பந்து அணியில் ஆடி ஓய்ந்த ஒருவன், மூன்று பருவங்களாக ஆட்டத்துக்கு முன் எங்களுக்கு மாத்திரை கொடுத்து ஆடவைத்தார்கள் என்று பேப்பரில் சொல்லிவிட்டான். மதியத்துக்குள் வார்டு முழுவதும் பதில் தயார். பேப்பர் பொய் சொல்கிறது. பேப்பர் பக்கத்து நகரத்துக்காரனுடையது. சொன்னவன் குடிகாரன். எல்லா அணியிலும் இதைச் செய்கிறார்கள். எங்கள் அணியில் மட்டும் செய்யவே இல்லை. ஒன்றையொன்று வெட்டும் இத்தனை வாதங்களையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்ல முடியும் என்பதை அன்று மறுபடி பார்த்தேன். கடைசியாகக் கொவால்கே, “அப்படியே கொடுத்திருந்தாலும் அது வெறும் விட்டமின்” என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு அரூர் ஞாபகம் வந்துவிட்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அரூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் வேலை பார்த்தேன். பத்துக் கட்டில், ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ். டாக்டர்தான் ஊர்க் கால்பந்து அணியையும் நடத்தினார். டிவி பெட்டி இன்னும் வந்து சேராத ஊரில் சாயங்கால நேரத்துக்கு அந்த அணிதான் எல்லாம். உரக்கடைக்காரர், தாலுகா ஆபீஸ் கிளார்க், பள்ளிக்கூட வாத்தியார் என்று பெரிய மனிதர்கள் எல்லாம் மைதானத்தின் ஓரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று, ரெஃபரியின் பிறப்பைப் பற்றிச் சந்தேகம் கிளப்புவார்கள். அணிக்கு உயிர் பஷீர். பஸ் நிலையத்துக்கு எதிரே அவன் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். பஷீருக்கு இருபத்திரண்டு வயது. பந்து அவன் காலுக்கு வந்தால் வாத்தியாரே விசில் அடிப்பார்.

அந்தக் கோடையில் மாவட்டப் போட்டி தர்மபுரியில் நடந்தது. ஆட்டத்தன்று காலையில் பையன்கள் மருத்துவமனையின் பின்பக்க அறைக்கு வருவார்கள். டாக்டர் ஒரு தட்டில் குப்பிகளை எடுத்து வைத்துவிட்டுப் போவார். நான் ஊசி போடுவேன். “விட்டமின், ஸ்டெல்லா” என்பார். விட்டமின் குப்பியில் லேபிளை ஏன் சுரண்டி எடுத்திருக்கிறார்கள் என்று யோசிக்க எனக்குத் தெரியும். மூன்றாவது ஆட்டத்தன்று காலை பஷீர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே, “சிஸ்டர், இதப் போட்டா ரெண்டு நாளைக்குச் சோறும் எறங்கல, தூக்கமும் வரலீங்க. ஆனா காலு நிக்கவே மாட்டேங்குதுங்க” என்று சிரித்தான். அவன் கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. டாக்டரிடம் போய்க் கேட்டேன்.

“நீ ஊசி போடுற ஆளு. என்ன ஊசின்னு தெரிஞ்சிக்கிற ஆளு நானு. போய் வேலையப் பாரு.”

போய் வேலையைப் பார்த்தேன். இதை எழுதும்போது மற்றவர்கள்மேல் எனக்கு இருக்கும் வெறுப்பில் ஒரு பங்கை என் பெயருக்கு ஒதுக்கித்தான் எழுதுகிறேன்.

இறுதி ஆட்டம் ஓசூர் அணியோடு. மே மாத வெயில். முதலுதவிப் பெட்டியோடு டாக்டர் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். இடைவேளைக்குப் பிறகு பஷீர் பந்து இல்லாத பக்கமெல்லாம் ஓட ஆரம்பித்தான். கொடிக்கம்பம் வரை ஓடினான், திரும்பினான், மறுபடி ஓடினான். ஏதோ தந்திரம் செய்கிறான் என்று நம் ஆட்கள் கைதட்டினார்கள். அப்புறம் விழுந்தான். அவனைச் சுற்றிப் பதினைந்து அடிக்கு ஒரு ஆளும் இல்லை, பந்து எதிர் கோலுக்குப் பக்கத்தில் இருந்தது. நம் ஆட்கள் எழுந்து நின்று ஃபவுல் கேட்டார்கள். நான் ஓடிப்போய் அவனைப் புரட்டியபோது உதடு நீலம் பாய்ந்திருந்தது. எனக்குப் பின்னால் ஆயிரம் பேர் “ஃபவுல்! ஃபவுல்!” என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரியில் பணியிலிருந்த இளம் டாக்டர் ஒருவர், “இந்தப் பையனுக்கு என்ன குடுத்தீங்க?” என்றார். எங்கள் டாக்டர், “ஒண்ணும் குடுக்கல. வெயிலு” என்றார். இளம் டாக்டர் என்னைப் பார்த்தார். கட்டிலில் பஷீரின் கால்கள் அப்போதும் ஓடுவதுபோல இழுத்துக்கொண்டிருந்தன. “ஊசி போட்டேன் சார். காலையில. லேபிள் இல்லாத மருந்து” என்று சொன்னேன். அதற்கேற்ற வைத்தியம் பார்த்தார்கள். பஷீர் பிழைத்தான். இதயம் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பேப்பரில் செய்தி வந்தது: கால்பந்து வீரர்களுக்கு வெறியூட்டும் மருந்தா? அன்று அரூரில் நடந்ததை, போன நவம்பரில் வார்டில் கண்டபடியே நீங்கள் கற்பனை செய்துகொள்ளலாம். பேப்பர் பொய். பேப்பர் ஓசூர்க்காரனுடையது. எல்லா டீமிலும் போடுகிறார்கள். நம் டீமில் போடவில்லை. போட்டாலும் விட்டமின். உரக்கடைக்காரர் வந்த பேப்பர் கட்டுகளை மொத்தமாக வாங்கி, பஸ் நிலையத்தில் போட்டுக் கொளுத்தினார். ஒரே நாளில் அரூரில் அத்தனை பேப்பர் விற்றது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இருக்காது. விற்பனையில் சுவை கண்ட பேப்பரும் சும்மா இருக்கவில்லை. அடுத்த நாள் பெரிய எழுத்தில், “ஊசி போட்டேன்: நர்ஸ் ஒப்புதல்” என்று போட்டது. கீழே, தனக்கு எதுவும் தெரியாது என்று டாக்டரின் அறிக்கை. முந்தின நாள் பொய்ப் பேப்பர் என்று கொளுத்தியவர்கள், மறுநாள் அதே பேப்பரைச் சத்தமாகப் படித்துக் காட்டிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். வாத்தியாரும் வந்திருந்தார். சுவரில் ‘விஷ நர்ஸ்’ என்று தார் பூசி எழுதினார்கள். என் தம்பி மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தான், பாதிதான் போயிற்று.

பஷீர் மட்டும் உண்மையைச் சொன்னான். ஆஸ்பத்திரிக்கு வந்த நிருபரிடம், டாக்டர் சொல்லித்தான் சிஸ்டர் போட்டாங்க, நாங்களும் கேட்டுத்தான் போட்டுக்கிட்டோம் என்று சொல்லியிருக்கிறான். அதைப் பேப்பர் போடவில்லை. ஆனால் ஊருக்குள் பரவிவிட்டது. தோளில் தூக்கி ஆடியவர்கள், அவன் ஓசூர்க்காரனுக்கு விலைபோய் வேண்டுமென்றே விழுந்தான் என்றார்கள். ஒரு மாதத்தில் அவன் அப்பா கடைக்குப் பஞ்சர் ஒட்டக்கூட ஒரு சைக்கிளும் வரவில்லை. குடும்பம் மாரண்டஹள்ளிக்குக் குடிபோய்விட்டது.

ஒரு கன்னியர் மடத்தின் வழியாக எனக்கு இந்த நாட்டில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முன் ஒருநாள் மாரண்டஹள்ளிக்குப் போனேன். காய்கறி மண்டிகளைத் தாண்டி ஒரு சிறிய வீடு, வாசலிலேயே சைக்கிள் கடை. பஷீர் முக்காலியில் உட்கார்ந்து சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழப்போனான். வேண்டாம் என்றேன்.

“எம்மேல கோவமா பஷீர்?”

“உங்கமேல என்னாத்துக்குங்க சிஸ்டர்? நீங்க வாயத் தொறக்கலைன்னா நான் அன்னிக்கே போயிருப்பேன். எங்களுக்கும் ஜெயிக்கோணும்னு வெறி. கேட்டு வாங்குனோம்.”

“டீம்ல இருந்து யாராச்சும் வந்து பாத்தாங்களா?”

“வந்தாங்க. ஒருத்தன் வந்தான்.” சக்கரத்தைச் சுற்றிவிட்டான். “ஜெர்சியத் திருப்பிக் குடுக்கச் சொன்னாங்களாம்.”

“குடுத்துட்டியா?”

“தொவச்சுக் குடுத்தேனுங்க.”

எண்பத்து மூன்றில் விமானம் ஏறியபோது, இனி அந்த முட்டாள்தனத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்று எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. முட்டாள்தனத்துக்கு விசா வேண்டாம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

டோப்பிங் செய்தி வந்து ஒரு வாரம் கழித்து, ஒரு காலையில் ஆறு கைகளும் பேப்பருக்கு நீண்டன. முகங்கள் தெளிந்திருந்தன. குற்றவாளி கிடைத்துவிட்டான். அணியில் வீரர்களுக்குக் கால் பிடித்துவிடுகிற மஸ்ஸோர், யுகோஸ்லாவியாவிலிருந்து பிழைக்க வந்தவன். மாத்திரையை அவன்தான் கையில் கொடுத்தானாம். படம் போட்டிருந்தார்கள், கோட்டின் கழுத்துப் பட்டையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு ஓடுகிறான். கொவால்கே ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, “பார்த்தீர்களா ஷ்வெஸ்டர்? ஒரு ஔஸ்லெண்டர்” என்றார். ஔஸ்லெண்டர் என்றால் வெளிநாட்டான்.

“நானும் ஔஸ்லெண்டர்தான்” என்றேன்.

“நீங்களா? நீங்கள் எங்கள் ஸ்டெல்லா.”

“மருந்துச் சீட்டு எழுதியது யார்? மஸ்ஸோருக்குச் சீட்டு எழுத உரிமை உண்டா?”

என் உடைந்த ஜெர்மன் அன்று உடையாமல் வந்தது. கொவால்கே என்னை இரக்கத்தோடு பார்த்து, “உங்களுக்குக் கால்பந்து புரியாது. உங்கள் நாட்டில் யானைதானே இருக்கிறது” என்றார். ஐந்து பேர் ஆமாம் போட்டார்கள். மறுநாள் தலைமை நர்ஸ் என்னைக் கூப்பிட்டு, நோயாளிகளிடம் விளையாட்டு பேச வேண்டாம் என்றார். கொவால்கே தனக்கு வேறு யாராவது ஊசி போடட்டும் என்று கேட்டிருக்கிறார். இரண்டு நாள் வேறு யாரோ போட்டார்கள். மூன்றாம் நாள், “அந்தப் பெண் குத்துகிறாள், உங்கள் கை வலிப்பதில்லை” என்று தொடையைத் திறந்து காட்டினார். மன்னிப்பும் இல்லை, வெட்கமும் இல்லை. நான் போட்டேன். குப்பியின் லேபிளை அவருக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்துவிட்டுப் போட்டேன்.

அணியின் டாக்டரைப் பற்றி எந்தப் பேப்பரும் பிறகு எழுதவில்லை. மஸ்ஸோர் ஊரைவிட்டுப் போய்விட்டான் என்று ஒரு மூலையில் இரண்டு வரி வந்தது.

டிசம்பரில் தம்பியிடமிருந்து கடிதம். உள்ளே பேப்பரிலிருந்து வெட்டிய ஒரு படம். அரூர் டாக்டர் கழுத்து நிறைய மாலையோடு கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். “அக்கா, நம்ம டீம் இந்த வருசம் கப்பு வாங்கிருச்சு. ஊரே ஒரே கொண்டாட்டம். நானும் ஆடினேன்” என்று எழுதியிருந்தான். மண்ணெண்ணெய் தொட்டுச் சுவரைத் துடைத்தவன் அவன்தான். நம்ம டீமாம். என்னைக் கேட்காமலே என்னையும் சேர்த்து எழுதிவிட்டான்.

கடிதம் வந்த சனிக்கிழமை மதியம் வார்டில் வானொலியைச் சுற்றி ஆறு பேரும் காது வைத்திருந்தார்கள். நான் காய்ச்சல் பார்க்கப் போன நேரத்தில் இவர்கள் அணி கோல் போட்டது. கட்டுப்போட்ட கைகால்கள் எல்லாம் எழுந்தன. “வீர்! வீர்!” என்று கத்தினார்கள். இந்த மொழியில் நாம் என்றாலும் வீர்தான், நாங்கள் என்றாலும் வீர்தான். பேசுகிறவன் நம்மைச் சேர்த்துச் சொல்கிறானா, தள்ளிச் சொல்கிறானா என்று கடைசிவரை தெரியாது. கொவால்கே என் கையைப் பிடித்துத் தன் கையோடு மேலே தூக்கினார். அவர் முகம் சிவந்து, நெற்றி நரம்பு புடைத்திருந்தது. கையை உதறிவிட்டிருக்கலாம். விரல்கள் அதற்குள் அவர் மணிக்கட்டில் நாடியைத் தேடிப் பிடித்துவிட்டன. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒன்று, இரண்டு, மூன்று என்று தமிழில் எண்ணினேன். நிமிஷம் முடிந்ததும் அவர் அட்டையில் ஜெர்மனில் எழுதி, கையெழுத்துப் போட்டேன்.