மருந்து அறைச் சாவி

விருப்ப ஓய்வு வாங்கிய இரண்டாவது மாதம் எனக்கு ஒரு தோட்டத்தில் மேற்பார்வை வேலை கிடைத்தது. அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் இருந்தேன். மரம் செடி பற்றி ஒன்றும் தெரியாது. எந்தப் பொருளை எங்கே வைக்க வேண்டும், சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பது தெரியும். தோட்டத்து முதலாளிக்கும் அது போதுமாக இருந்தது. குன்றத்தூரைத் தாண்டி ஒன்பது ஏக்கர். கொய்யாவும் ஒட்டு மாவும். செம்பாக்கத்திலிருந்து பம்மல், அனகாபுத்தூர் வழியாக ஸ்கூட்டரில் ஐம்பது நிமிடம்.

முதல் நாள் பம்ப் செட் கொட்டகைக்குள் பார்த்ததை அன்றைக்கே நாட்குறிப்பில் எழுதினேன். பூச்சிமருந்து டப்பாக்களும் ஆட்களின் சாப்பாட்டுத் தூக்குகளும் ஒரே பலகையில் இருந்தன. காலி மருந்து டப்பா ஒன்றின் வாயை அறுத்து, அதில்தான் தொட்டித் தண்ணீரை மொண்டு முகம் கழுவினார்கள்.

ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் மாற்றினேன். மருந்துக்குத் தனி அறை, பூட்டு. காலி டப்பாக்களில் ஓட்டை போட்டு மூட்டை கட்டினேன். சோப்பு, முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை வாங்கி வைத்தேன். ஏழு விதிகளைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினேன். ஐந்தாவது விதி: முகமூடி அணியாதவருக்கு மருந்து வேலை கிடையாது. ஆறாவது: அறைச் சாவி மேற்பார்வையாளரிடம் மட்டுமே இருக்கும்.

மருந்து அடிப்பவருக்கு நாற்பது வயதிருக்கும். இலையின் அடிப்பக்கம் வரை ஒரே சீராக நனைப்பார். அந்தக் கை வேறு யாருக்கும் இல்லை. முகமூடியைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டுதான் வேலை செய்வார்.

“மேல ஏத்துப்பா” என்றால், “இத்த மாட்டிகினு வூட்டுக்குப் போனா எங்க நாயே கடிக்கும் சார்” என்பார்.

களை எடுக்கும் பெண்களோடு குனிந்திருந்த அவர் மனைவி நிமிராமலே சொன்னாள்: “நாய் இன்னா நாய், நானே கடிப்பேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ‘முகமூடி அணியவில்லை’ என்று அன்றும் எழுதி வைத்தேன்.

மாசி கடைசியில், மா பிஞ்சு பிடித்திருந்த சமயம். ஸ்பிரேயரின் முனை அடைத்துக்கொண்டது. அவர் அதைக் கழற்றி வாயில் வைத்து ஊதினார். அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். எச்சிலைத் துப்பிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவார்கள். அன்றைக்கு அவர் இரண்டு மரம்தான் போனார். சட்டையைக் கழற்றி வரப்பில் போட்டிருந்தார். முதுகெல்லாம் வியர்வையும் மருந்தும். கண்ணில் தண்ணீர் வழிய, வாயில் எச்சில் ஊற, மரத்தடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். மணி பதினொன்று ஐம்பது.

சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, வேறு துணி மாற்றிவிட்டு, டப்பாவின் லேபிளையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆட்டோவில் டாக்டரிடம் ஓடினோம். லேபிளைப் படித்தவுடன் டாக்டர் ஊசி போட்டார்; மாலை வரை படுக்க வைத்துப் பார்த்த பிறகே அனுப்பினார். “ரெண்டு வாரம் மருந்துப் பக்கமே போகக் கூடாது. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா இவ்வளவு லேசா முடியாது” என்றார்.

முதலாளிக்குப் போன் செய்தேன்.

“முகமூடி போட்டிருந்தாரா?”

“இல்லை சார்.”

“உங்க அஞ்சாவது விதி என்ன சொல்லுது? நீங்க எழுதினதுதானே. ஆளை மாத்திடுங்க.”

காலையில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் நான் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் அவர் மனைவி எதிரே வந்து நின்றாள்.

“எங்க வூட்டு ஆள வேலைய வுட்டு எடுத்துடுவீங்களா சார்?”

“முகமூடி போடச் சொல்லி எத்தனை தடவை சொன்னேன்மா?”

“சொன்னீங்க. எப்போ போடச் சொன்னீங்க? நீங்க வர்றதுக்கு மின்னாடியெல்லாம் அது விடியக்காலையில அஞ்சரைக்குத் தொடங்கி எட்டுக்குள்ள முடிச்சிடும். பனிக்குச் சட்டையும் போட்டுக்கும், மூஞ்சியில துண்டும் கட்டிக்கும். இப்போ நீ வந்து கதவத் தொறக்கறதே ஒம்பதே முக்காலுக்கு. சாவி உன் பையில கீது சார். வெயில் அது தலையில கீது.”

கோபத்தில் ‘நீங்க’ ‘நீ’ ஆகியிருந்ததை அவளும் கவனிக்கவில்லை. எனக்கும் அது பெரிதாகப் படவில்லை.

கொட்டகையில் உட்கார்ந்து நாட்குறிப்பைப் புரட்டினேன். மருந்து அடித்த நாட்கள் பதினொன்று. பதினொன்றிலும் ‘9.45 அறை திறந்தேன்’ என்று இருந்தது. ஏழு நாட்களில் ‘காற்று அதிகம்’ என்றும் எழுதியிருந்தேன். வெயில் ஏறி, காற்று கிளம்பி, மருந்து முகத்துக்கே திரும்பி அடிக்கும் நேரமாகப் பார்த்து நான்தான் வேலையை ஆரம்பித்து வைத்திருக்கிறேன். தொழிற்சாலை ஸ்டோர் ஒன்பதே முக்காலுக்குத்தான் திறக்கும். அந்தப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்திருந்தேன்.

முதலாளியிடம் பேசினேன். “அஞ்சாவது விதி சரிதான் சார். ஆறாவது தப்பு. அதை எழுதினவன் நான். ஆளை மாத்துறதா இருந்தா என்னைத்தான் முதல்ல மாத்தணும்.”

“இப்ப என்ன பண்ணலாம்னு சொல்றீங்க?”

“இன்னொரு சாவி செய்யணும்.”

“அவர்கிட்ட குடுக்கவா?”

“அவர் சம்சாரத்துக்கிட்ட.”

இரண்டு வாரம் அவருக்கு நீர் பாய்ச்சும் வேலை கொடுத்தேன். அதற்குள் மூச்சு முட்டாத வேறு முகமூடிகள் வாங்கினேன். ஸ்பிரேயர் ஒவ்வொன்றிலும் ஒரு பழைய டூத் பிரஷ்ஷைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன், முனை அடைத்தால் தேய்ப்பதற்கு.

அவர் மீண்டும் மருந்து அடிக்க வேண்டிய நாளில் ஐந்து மணிக்கே வீட்டிலிருந்து கிளம்பினேன். போய்ச் சேரும்போது கிழக்கே லேசாகத்தான் வெளுத்திருந்தது. காற்று அசையவில்லை. அறைக் கதவுக்கு முன் அவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எதிரே கணவர் முழுக்கைச் சட்டையும் கையுறையுமாக, முகமூடியை வழக்கம்போல் தாடையில் இறக்கிவிட்டிருந்தார்.

“மேல ஏத்து.”

“உள்ள போயி ஏத்திக்கறேண்டி.”

“அப்போ உள்ள போறது எப்படின்னு பாத்துக்கோ.”

அவர் என்னைப் பார்த்தார். நான் அண்ணாந்து மரத்தைப் பார்த்தேன். பிறகு முகமூடி மேலே ஏறியது, பூட்டு திறந்தது.

டப்பாவை எடுத்துக் கொடுக்கலாம் என்று நானும் உள்ளே காலை வைத்தேன். சாவிக் கை குறுக்கே நீண்டது.

“சட்டைக் கைய இறக்கிவுடுங்க சார்.”

முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருந்தேன். இறக்கி, பொத்தானைப் போட்டுக்கொண்டேன். எட்டு மணிக்குள் வேலை முடிந்தது. அன்றைய பக்கத்தில் எழுதினேன்: ‘5.55 அறை திறக்கப்பட்டது. காற்று இல்லை. முனை இரண்டு முறை அடைத்தது. இரண்டு முறையும் பிரஷ்.’