சாய்ந்து நிற்கும் வேலி

முத்தையாபுரம் பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் மரியதாசின் மகள் போன் செய்தாள்.

“அப்பா போயிட்டாவ மாமா.”

“யாரோட சண்டை தாயி?”

“சண்டையெல்லாம் இல்ல மாமா. தூக்கத்துலயே…”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. தூக்கத்திலாவது யாரையாவது ஒரு சாத்து சாத்தியிருப்பான். அவன் என்றே எழுதுகிறேன். அவர் என்று எழுதினால் எழுந்து வந்து அடிப்பான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால், நாங்கள் தோட்டவேலை பார்த்த பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

அந்த வளாகத்தின் குரோட்டன்ஸ், இட்லிப்பூ, காகிதப்பூ, அரளி வேலி எல்லாம் அவன் வைத்தவை. நான் அவனோடு மண் கொத்தியவன். ஒருமுறை இட்லிப்பூவைப் பறித்த மாணவன்மேல் மண்வெட்டியை வீசினான். குறி தப்பி என் கணுக்காலைக் கிழித்தது.

“செடி வளக்குறவனுக்குக் கசாப்புக்கடைக் கை எதுக்குலே?” என்றேன்.

“நீ ஏம்லே குறுக்க நின்ன?” என்று என்னைத்தான் ஏசினான்.

எங்கள் ஊர்க் கிணறுகளில் நல்லதும் உண்டு, உப்பும் உண்டு. அதனால் தண்ணீர் லாரி வந்தால், மரியதாசு ஒரு வாய் குடித்துப் பார்த்த பிறகுதான் குழாயைத் திறக்க விடுவான். பட்டமளிப்பு விழா நெருங்கிய நேரம், ஓட்டுநர் சுடலைமுத்து சொன்னான்: “அண்ணாச்சி, இன்னைக்கு வேற கெணத்துத் தண்ணி. நல்லா பாத்துக்கிடுங்க.”

மரியதாசு குடித்துப் பார்த்தான். “இனிக்குலே. தொற.”

வாரம் முடியுமுன் குரோட்டன்ஸ் மொட்டைக் குச்சியாகிவிட்டது. இட்லிப்பூ கருகியது. அரளியும் காகிதப்பூவும் மட்டும் உப்புக்கு அசையவில்லை. லாரி மறுபடி வந்ததும் மரியதாசு சுடலைமுத்துவைக் கீழே இழுத்துப் போட்டு, வண்டியின் ஜாக்கிக் கம்பியாலேயே வலது மணிக்கட்டை உடைத்தான். தடுக்கப் போன எனக்குப் பல் ஒன்று போனது.

“நான்தான் பாக்கச் சொன்னேம்லா!” என்று மண்ணில் புரண்டு அலறினான் சுடலைமுத்து.

மரியதாசின் கை அப்படியே நின்றது. என் பக்கம் திரும்பினான். “ஏலே, அன்னைக்கு நான் காலைல என்ன தின்னேன்?”

“பழையதும் கருவாடும். என் பங்கையும் சேத்துத் தின்ன.”

உப்பில் ஊறிய நாக்குக்கு உப்புத் தண்ணீர் தெரியவில்லை. அவ்வளவுதான் விஷயம். அதற்கு ஓர் ஓட்டுநரின் கை போயிருந்தது.

சாயங்காலம் மரியதாசு அதே கம்பியோடு சுடலைமுத்துவின் வீட்டு வாசலில் போய் நின்றான். நானும் கூடப் போனேன்.

“உன் கை போனா வண்டி போச்சு, சோறு போச்சு. அடி” என்று கம்பியை நீட்டினான்.

“வேண்டாம் அண்ணாச்சி, போங்க” என்று கும்பிட்டாள் சுடலைமுத்துவின் மனைவி.

சுடலைமுத்து இடது கையால் ஓங்கி ஒரே அடி அடித்தான். வலது தோளில் எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. மரியதாசு பல்லைக் கடித்துக்கொண்டு, “இன்னொண்ணு?” என்றான். சுடலைமுத்து கம்பியை எறிந்துவிட்டு அழுதான்.

மறுநாள் தோளில் கட்டோடு லாரி முதலாளியிடம் போய், “அவனை நிறுத்தாதீய. குத்தவாளி என் நாக்கு” என்றான். சுடலைமுத்துவின் வேலை தப்பியது.

மரியதாசின் தோள் மட்டும் பிறகு உயரவே இல்லை. அவன் வெட்டிய அரளி வேலி ஒரு பக்கமாய்ச் சரிந்தது. பார்க்க வருபவர்கள் ஏதோ வெளிநாட்டு ஸ்டைல் என்று படம் எடுத்தார்கள்.

“உன் வேலி குடிச்சிட்டு நிக்குலே” என்பேன்.

“உன் பல்லு வரிசைக்கு அது தேவலாம்லே” என்பான்.

அடக்கத்தன்று கல்லறையில் நட்ட செடிகளுக்குச் சுடலைமுத்துதான் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தான். ஊற்றுமுன் ஒரு வாய் குடித்துப் பார்த்தான்.

“ஊத்துலே. இனி அடிக்க மாட்டான்” என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. மணிக்கட்டைத் தடவிவிட்டு ஊற்றினான்.

கருவாடு தின்ற காலையில் நான் இப்போது தண்ணீர் லாரியில் ருசி பார்க்கப் போவதில்லை. வேலியை நேராக வெட்டச் சொல்லிப் புது மேஸ்திரி கத்துகிறார். மரியதாசின் கத்தரி என்னிடம்தான் இருக்கிறது. என் தோளுக்கு ஒரு குறையும் இல்லை. வேலி சாய்ந்துதான் நிற்கிறது.