சுதர்ஷினி புதைத்த தழை

கொழுந்து பறிக்க இனி மலையேற மாட்டேன் என்று கங்காணியின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பெயரை வெட்டிக்கொண்டவள் சுதர்ஷினி. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் என் பக்கத்து லயத்துக்காரி. பதுளையில் கடை வைத்திருக்கும் இத்ரூஸ் முதலாளியின் வயல் எங்கள் மலையடியில் தரிசாகக் கிடந்தது. அதை அவள் வாரத்துக்கு எடுத்தாள்; விளைச்சலில் ஆளுக்குப் பாதி என்று பேச்சு. முதல் போகம் சரிவந்தால்தான் வயல் அவள் கையில் நிலைக்கும்.

அது நாட்டில் இரசாயன உரம் இல்லாமல் போன வருஷம். ஊரே கையைப் பிசைந்துகொண்டு நின்றது. இவள் சிரித்தாள்.

"கவாத்து வெட்டுன எலைய மலையில பொதைக்கிறோமே, தேயில செழிக்கலையா? வயலுக்கும் அதே வைத்தியந்தான் அக்கா."

ரோட்டோரத்துக் காட்டுச் சூரியகாந்தியை முதுகு ஒடியச் சுமந்து வந்து சேற்றில் மிதித்துப் புதைத்தாள். மறுநாளே முளைகட்டிய நெல்லை வீசித் தண்ணீர் கட்டினாள். சேறு குமிழி விட்டது. புளித்த வாடை லயம் வரை வந்தது. முளைத்ததெல்லாம் மஞ்சளாகி மடங்கியது.

விவசாயப் போதனாசிரியர் கிஷாந்தன், யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு பயிரைப் பிடுங்கிக் கறுத்த வேரைக் காட்டினார்.

"பச்சைத் தழை தண்ணிக்குள்ள அழுகேக்க அமிலம் ஊறும், தங்கச்சி. இளம் வேர் தாங்காது. மலையில தண்ணி நிக்காது, அங்க பிரச்சினை இல்ல. மூண்டு வாரம் பொறுத்து விதைச்சிருந்தா இதுவே உரம்."

சுதர்ஷினி கடைக்கு ஓடினாள். "இன்னொரு தடவ வெதைக்கிறேன் மொதலாளி. தழை உள்ளதான் இருக்கு. வெத நெல்லு மட்டும் குடுங்க."

"கொழுந்து பறிக்கிற கைக்கு நெல்லு வராது புள்ள" என்றார் அவர். கெட்ட மனுஷர் இல்லை. கேட்கத்தான் பொறுமை இல்லை.

வயல் அவருடைய தங்கை மகன் அர்ஷாத்துக்குப் போனது. சோம்பேறிப் பயல், ஒரு மாதம் கழித்துத்தான் விதைத்தான். அதற்குள் தழை மக்கிச் சேறு அடங்கிவிட்டது. பயிர் கருகருவென்று எழுந்தது. கைராசிக்காரன் என்று ஊர் அவனைக் கொண்டாடியது. சுதர்ஷினியைத் தோட்டத்தில் திரும்பச் சேர்க்கவில்லை.

அறுவடைக்கு நாங்கள் இரண்டு பேரும் கூலிக்குப் போனோம். முதலாளி வரப்பில் நின்று வருவோர் போவோரிடமெல்லாம், "ஒரு புடி உரம் போடல்ல, பாருங்க!" என்று பெருமையடித்தார். நான் சுதர்ஷினியின் விலாவில் இடித்தேன்.

"வாயத் தொறந்து சொல்லேண்டி" என்றேன்.

அவள் நிமிரவே இல்லை. "சொன்னா நாளைக்கு அறுப்புக்குக் கூப்பிட மாட்டாரு அக்கா" என்றாள்.