இரவல் வாங்கிய வகுப்பு

என் கணவரின் அக்காவும் நானும் ஒரே பள்ளியில் டீச்சர்கள். அண்ணி பன்மைப் பண்பாட்டுக் கல்வியில் முதுகலைப் பட்டம் வாங்கியவர். இது உங்களுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. அவரோடு ஒரே பஸ்ஸில் போயிருந்தால்கூடத் தெரிந்திருக்கும்.

படிப்பில் சேருவதற்கு முன்பே அண்ணி எங்கள் பள்ளியில் ஒரு காரியம் செய்திருந்தார். பிழைப்புக்காக வேறு தேசத்திலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் வகுப்புக்கு நாலைந்து பேர் இருந்தார்கள். வீட்டில் அவர்களுக்கு வேறு மொழி. "இதுங்க இருந்தா நம்ம ரிசல்ட் படுத்துடும் சார்" என்று தலைமை ஆசிரியரைக் கரைத்துக் கரைத்து, அத்தனை பேரையும் கடைசி அறைக்குத் தள்ளிவிட்டார். உடைந்த மேசைகளைப் போட்டு வைக்கும் அறை அது. வேலைக்குப் புதிதாக வந்தவள், தட்டிக் கேட்க வாயில்லாதவள் என்று அந்த வகுப்பை என் தலையில் கட்டினார்கள்.

தலைமை ஆசிரியர் ஓய்வு பெறப் போகிறார், அந்த நாற்காலிக்கு மேற்படிப்பு வேண்டும் என்று தெரிந்ததும் அண்ணிக்குக் கல்வித் தாகம் வந்துவிட்டது. சனிக்கிழமை தோறும் பல்கலைக்கழகம். அண்ணியின் கணவர் துணி துவைத்தார், சமைத்தார், கட்டுரைகளைத் தட்டச்சும் செய்தார். விருந்துக்குப் போனால் சாப்பாட்டுக்கு முன்னால் 'அரவணைப்பு', சாப்பாட்டுக்குப் பின்னால் 'அடையாளம்' என்று பாடம் நடத்துவார். தன் அக்காவுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று என் கணவர் உருகிப்போவார்.

கடைசிப் பருவத்தில்தான் சிக்கல் வந்தது. பல பண்பாட்டுப் பிள்ளைகள் கலந்திருக்கும் வகுப்பில் அவர் பாடம் நடத்துவதைப் பேராசிரியர் நேரில் வந்து பார்ப்பாராம். அண்ணியின் வகுப்பில் கலப்பதற்கு யார் இருந்தார்கள்? அவர்தான் துடைத்து வைத்திருந்தாரே. அதனால் சர்க்கரை தீர்ந்துபோன பக்கத்து வீட்டுக்காரி மாதிரி என் அறை வாசலில் வந்து நின்றார்.

"உன் பிள்ளைங்கள்ல நல்லாப் பேசறதா கொஞ்சம் அனுப்பும்மா. முகத்தைப் பாத்தாலே வெளியாளுங்கன்னு தெரியணும்."

அனுப்பினேன். வாயாடி என்று நான் கூப்பிடும் பெண்ணும் போனாள். பேராசிரியர் வருவதற்கு முன்பே பழகட்டும் என்று ஒரு வாரம் அங்கேயே உட்கார வைத்தார் அண்ணி. "இனிமே இதுதான் உங்க வகுப்பு" என்று வாய் கூசாமல் சொன்னார். வாயாடி அதை அப்படியே நம்பினாள். இரண்டாவது வரிசையில் அவளுக்கு ஒரு தோழி கிடைத்தாள். சாயங்காலம் என்னைப் பார்த்து, தன் இடத்திலிருந்து கரும்பலகை முழுசாகத் தெரிகிறது என்றாள். இந்த இடமாவது அவளுக்கு நிலைக்க வேண்டுமே என்று நினைத்துக்கொண்டேன்.

பேராசிரியர் வந்தார். உங்கள் வீட்டில் காலை எப்படி விடியும் என்பது பாடம். வாயாடி எழுந்தாள். அப்பா ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரித் துணி துவைத்துவிட்டு வருவார், நான் எழுந்த படுக்கையில் அவர் படுப்பார், அது சூடாக இருக்கிறது என்று சிரிப்பார் என்றாள். பேராசிரியர் பேனாவை மூடிவிட்டார். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். துவைக்கும் தொழிலாளியின் மகள் அண்ணிக்கு முதல் மதிப்பெண் வாங்கிக் கொடுத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை இரவல் பிள்ளைகள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். வாயாடி மட்டும் வரவில்லை. தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு எழ மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாளாம். பியூன் கொண்டுவந்து விட்டுப் போனார். அன்றைக்கு அந்தப் பெண் வாயே திறக்கவில்லை.

அவளை அந்த வகுப்பிலேயே விடுங்கள் என்று தலைமை ஆசிரியரிடம் போய்க் கேட்டேன். எதுவானாலும் புதுசாக வருகிறவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவர் மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தார். புதுசாக வருகிறவர் யாரென்று ஊருக்கே தெரியும்.

மறுநாள் காலை வாயாடியின் அப்பா வேலையிலிருந்து நேரே ஆசிரியர் அறைக்கு வந்தார். சோப்பு வாசனை போகாத சட்டை, கையைப் பிடித்தபடி மகள். நம் மொழி அவருக்கு அரைகுறைதான். பாப்பா போன வாரம் இருந்த வகுப்பிலேயே இருக்கட்டும் என்று மட்டும் கேட்டார். அண்ணி அவருக்கு நாற்காலி போட்டார். படிப்பென்றால் சும்மாவா? முன்பென்றால் நிற்க வைத்தே பேசியிருப்பார்.

"உங்க குழந்தையோட பண்பாட்டு அடையாளத்தை நாங்க ரொம்ப மதிக்கிறோம். அவ தன்னோட சமூகத்துப் பிள்ளைங்களோட இருந்தாத்தான் அவளுக்குப் பாதுகாப்பா இருக்கும். அதனாலதான் இந்தத் தனி வகுப்பு."

ரிசல்ட் என்ற சொல்லே வரவில்லை. அதே கடைசி அறை, அதே உடைந்த மேசைகள். அவற்றுக்குப் போர்த்த ஒரு பட்டுத்துணியைத்தான் இத்தனை நாள் படித்து வாங்கி வந்திருந்தார்.

அந்த மனிதர் அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் அவருக்குப் பிடிபடவில்லை. பிறகு, தனக்குத் தெரிந்த ஒரே காரணத்தைக் கேட்டார்.

"பாப்பா ஏதாச்சும் தப்பு பண்ணிடுச்சா டீச்சர்? மன்னிப்பு கேக்கச் சொல்றேன்."

மகளை மெல்ல முன்னால் தள்ளினார். வாயாடி தரையைப் பார்த்தபடி, "தெரியாம பண்ணிட்டேன் டீச்சர்" என்றாள்.

அண்ணி அவள் தலையைத் தடவினார். "பரவாயில்லம்மா" என்று சொல்லி, பெருந்தன்மையாக அவளை மன்னித்துவிட்டார்.